அமெரிக்காவுல ஷட்டர் இறக்குறாங்க, நம்ம ஊர்ல ஏன் இறக்குறதில்ல?

போன வருஷம் அக்டோபர்ல, இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்ல அமெரிக்க புராஜெக்ட் பார்க்கிற நண்பன் ஒருத்தன் கேட்டான்: "மாப்ள, அங்க கவர்மென்ட்டையே மூடிட்டாங்களாம்டா. நம்ம ஊர்ல இப்படி மூட முடியுமா?" நான் பட்டுனு "அதெல்லாம் நடக்காதுடா"னு சொல்லிட்டேன். அப்புறம் யோசிச்சா, அந்தப் பதில் பாதிதான் சரின்னு தோணுச்சு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல அங்க நடந்தது. அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குது. அதுக்குள்ள செலவுக்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றலைன்னா, அரசுத் துறைகள் காசு செலவழிக்கக் கூடாது. 2025-ல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் இழுத்தது. அதுக்கு முன்னாடி இருந்த ரெக்கார்டு 35 நாள். விமானக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறவங்க சம்பளம் இல்லாம வேலை பார்த்தாங்க. வரித் துறையில் கிட்டத்தட்ட பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. அந்தத் துறைக்குப் பேரு ஐ.ஆர்.எஸ். நம்ம ஊர்ல அது அதிகாரி பேருக்குப் பின்னாடி வரும், அங்க துறைக்கே அதுதான் பேரு.

இதுல வேடிக்கை என்னன்னா, 1980 வரைக்கும் அங்கயும் பட்ஜெட் தாமதமானா ஆபீஸ் பாட்டுக்கு நடந்துட்டுதான் இருந்தது. அந்த வருஷம் அட்டர்னி ஜெனரலா இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, 1884-ஆம் வருஷச் சட்டம் ஒன்றைப் படிச்சுட்டு, "ஒதுக்கீடு இல்லைன்னா வேலையும் நடக்கக் கூடாது"ன்னு கருத்து எழுதினார். ஒரு வக்கீலோட கருத்து, அவ்வளவுதான்.

நம்ம கதைக்கு வருவோம். நம்ம அரசியல் சட்டத்தில் அந்த மாதிரி சுவிட்ச் கிடையாது. செலவுக்கான மசோதா மக்களவையில் தோத்துப்போனா, அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இல்லைன்னு அர்த்தம். அமைச்சரவை போயிடும், ஆபீஸ் இருக்கும். முழு பட்ஜெட் தயாராகலையா, 116-ஆவது பிரிவுப்படி 'வோட் ஆன் அக்கவுன்ட்' வாங்கி சில மாசத்தை ஓட்டலாம். மாநிலத்துக்கு அதே வழி 206-ஆவது பிரிவில் இருக்கு. நாம ரொம்பப் பக்கத்துல போனது 2016 மார்ச்சில், உத்தராகண்டில். நிதி ஒதுக்கீட்டு மசோதா உண்மையிலேயே நிறைவேறுச்சா இல்லையான்னே சண்டை. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரல் 1 அன்னைக்குச் செலவுக்குப் பணம்? அவசரச் சட்டம் போட்டு எடுத்துக்கிட்டாங்க. ஒரு தாலுகா ஆபீஸ் கூட மூடலை.

இதுக்கு ஒரு விலையும் இருக்கு. பூட்டு விழும்ங்கிற பயமே இல்லாததால, விவாதமும் இல்லாமப் போகுது. 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட், கூச்சலுக்கு நடுவுல சில நிமிஷத்துல மக்களவையில் நிறைவேறிடுச்சு. அந்த பட்ஜெட்டைப் போட்ட நிர்மலா சீதாராமன் பிறந்தது நம்ம மதுரையில். ஊர்ப் பெருமைக்காகச் சொல்றேன், வேற ஒண்ணுமில்ல.

சரி, அப்போ என் பதில் ஏன் பாதிதான் சரி? ஏன்னா நம்ம ஊர்ல பூட்டு மேல விழாது, கீழ விழும். 'சமக்ர சிக்ஷா' திட்டத்தை எடுத்துக்குங்க. ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 பங்கு. 2024-25க்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தரலை. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, புதிய கல்விக் கொள்கையை ஏத்துக்கோன்னு அவங்க. மும்மொழியை ஏத்துக்க மாட்டோம்னு தமிழ்நாடு. 2025 மே மாசம் விவகாரம் உச்ச நீதிமன்றம் போச்சு.

தலைமைச் செயலகமும் மூடலை, டெல்லியும் மூடலை. ஆனா ஆர்.டி.இ. 25 சதவீத இட ஒதுக்கீட்டுச் சேர்க்கை அந்த வருஷம் வழக்கமான நேரத்துல திறக்கலை. தனியார் பள்ளிக்குத் தரவேண்டிய கட்டணம் இந்தக் கணக்குலதான் வருது. ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்தாச்சு, சேர்க்கை அக்டோபர்லதான் தொடங்குச்சு. செல்லூர்லயோ உசிலம்பட்டியிலயோ எல்.கே.ஜி.க்குப் பிள்ளையைக் கூட்டிட்டு நின்ன அம்மாவுக்கு நாலு மாசம்னா என்னன்னு யோசிங்க. கடன் வாங்கி ஃபீஸ் கட்டணும், இல்லைன்னா அந்தப் பள்ளியை மறந்துடணும். அவங்களுக்கு அது ஷட்டவுன்தான். டி.வி.யில நாள் எண்ணிக்கை ஓடாது, அதுதான் வித்தியாசம். நான் இதுல மாநிலத்தின் கொள்கை பக்கம்தான். ஆனா கொள்கைச் சண்டைக்கு நடுவுல அந்தப் பிள்ளைக்கு மாநிலமே முன்பணம் போட்டிருக்கலாம், பிற்பாடு வாங்கியிருக்கலாம்னு எனக்குத் தோணுது.

கடைசியா வரித் துறை. அமெரிக்காவில் 2022-ல் ஐ.ஆர்.எஸ்.க்கு பத்து வருஷத்துக்குச் சுமார் 8,000 கோடி டாலர் கூடுதலா ஒதுக்கினாங்க. பெரிய பணக்காரங்க கணக்கைத் தோண்ட ஆள் வேணும்ங்கிறது வாதம். 2023 ஜனவரியில் குடியரசுக் கட்சி கையில் சபை வந்ததும் நிறைவேத்தின முதல் மசோதாவே அந்தப் பணத்தைத் திரும்பப் பிடுங்கத்தான். செனட்ல அது நகரலை, ஆனா அடுத்தடுத்த பேரங்கள்ல பெரும்பங்கை வெட்டிட்டாங்க. வரி வசூலிக்கிறவனுக்குக் கருவி குடுக்கலாமா வேணாமான்னு வெளிப்படையா நடந்த சண்டை அது.

மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டு, 5 மண்டலம். 2022 ஏப்ரல்ல தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி ஏறுச்சு, 600 சதுர அடிக்குள்ள இருக்கிற வீட்டுக்கே 25 சதவீதம். சின்ன வீட்டுக்காரங்க முணுமுணுத்துட்டே கட்டினாங்க. அதே காலத்துல, அதிகாரிகளோட பாஸ்வேர்டைப் பயன்படுத்தி, வணிகக் கட்டடங்கள் உட்பட பல கட்டடங்களுக்கு வரியைக் குறைச்சுப் போட்டாங்கன்னு குற்றச்சாட்டு. 2024-ல் மாநகராட்சித் தரப்பே போலீஸ்ல புகார் குடுத்தது. 2025-ல் கைதுகள், சிறப்புப் புலனாய்வுக் குழு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஜூலையில் 5 மண்டலத் தலைவர்களும் ராஜினாமா, அக்டோபர்ல மேயரும் பதவி விலகினார். யார் குற்றவாளின்னு நீதிமன்றம் சொல்லட்டும். என் கேள்வி வேற: ஒரு மாநகரத்தின் வருமானமே ஒரு பாஸ்வேர்டுல தொங்கும்போது, அந்தப் பிரிவுக்கு எத்தனை ஆள், எத்தனை பில் கலெக்டர், யார் தணிக்கைன்னு நாம ஒரு நாளாவது கேட்டிருக்கோமா? குழாய்ல தண்ணி வரலைன்னா கேட்போம். வரிப் பிரிவைக் கேட்க மாட்டோம்.

வீட்டு வரி ரசீதை எடுத்து, அதுல சதுர அடி எவ்வளவு, குடியிருப்பா வணிகமான்னு பாருங்க. உங்க தெருவுல இருக்கிற பெரிய கட்டடம் எந்த வகையில பதிவாகியிருக்குன்னு மாநகராட்சிக்கு ஒரு ஆர்.டி.ஐ. போட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.