மருத்துவமனையிலிருந்து திரும்பும் பிள்ளையும் நம் கடமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அமர்வில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

தேர்ச்சி பெற்றோர் பட்டியலையும் அரசுப் பணியில் அமர்ந்தோர் பட்டியலையும் சற்று முன்னர்க் கேட்டு மகிழ்ந்தோம். எந்தப் பட்டியலிலும் இடம் பெறாத ஒரு மாணவனைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். அவனது பெயரையும் ஊரையும் கூறமாட்டோம். இக்கதையைக் கூறுவதற்கு அவனிடமே இசைவு பெற்றுள்ளோம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். தாய் தந்தையர் பெங்களூரில் கட்டட வேலை செய்தனர். அவன் பாட்டியிடம் வளர்ந்தான். ஒரு பருவத்தில் உறக்கம் இழந்தான், உணவை வெறுத்தான், யாரோ தன்னை ஏசும் குரல் கேட்பதாகக் கூறினான். மருத்துவமனையில் ஏழு வாரம் தங்கிச் சிகிச்சை பெற்று மீண்டான்.

அவன் திரும்பிய நாளில் நாங்கள் செய்ததை மறைக்க விரும்பவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில், "இவன் மனநோயிலிருந்து மீண்டு வந்துள்ளான், எவரும் கேலி செய்யலாகாது" என்று அறிவித்தோம். நல்லெண்ணத்தால்தான் அறிவித்தோம். ஆயினும் அதுவரை அறியாதவர்களும் அன்று அறிந்துகொண்டனர். ஓய்வாக இருக்கட்டும் என்று கடைசி வரிசையில் தனியே அமர்த்தினோம். ஐந்தாம் நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

வீடு தேடிச் சென்றோம். பாட்டி சொன்னார்: "வாத்தியாரய்யா, ஆஸ்பத்திரியிலகூட நாலு பேரோட உக்காந்துதான் சாப்பிட்டான். உங்க பள்ளிக்கூடத்துலதான் தனியா உக்கார வச்சிட்டீங்க."

அச்சொல்லுக்கு எங்களிடம் விடை இல்லை. பள்ளியில் மட்டுமன்று, தெருவிலும் அதுவே நிகழ்ந்தது. அவனோடு விளையாட வேண்டா என்று தம் பிள்ளைகளைத் தடுத்தோர் நம்மவர்தாம். தனிக் குவளையின் கசப்பை நாம் நூலில் படித்து அறிந்தவர்கள் அல்லோம். ஒதுக்கப்படுதல் யாது என்பதை அறிந்த தெரு, நோயுற்ற ஒரு பிள்ளையை ஒதுக்கலாமா? இளைஞர்களே, சிந்தித்துப் பாருங்கள்.

ஒதுக்குதலின் முடிவு எத்தகையது என்பதை நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். பின்னர் 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சங்கிலியிடுதலை அது தடை செய்கிறது. சிறுவரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைக்க வேண்டும் என்கிறது. நோயாளியை அனுப்புமுன், தொடர் சிகிச்சை பற்றிக் குடும்பத்தாரோடு மருத்துவர் கலந்து பேச வேண்டும் என்கிறது. ஆதலின், "இனி என்ன செய்ய வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை. அதைக் கேளாமல் வீடு திரும்பாதீர்கள்.

இனி வீட்டில் செய்யவேண்டுவன. குணம் கண்டவுடன் மாத்திரையை நிறுத்துதல் பெருந்தவறு. அவ்வாறு நிறுத்துவதால் நோய் மீண்டும் வரக்கூடும். மாத்திரையால் தூக்கமோ உடல் பருமனோ தோன்றினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் அளவை மாற்றுவார். கோயிலில் திருநீறு இடுவதை நாம் தடுக்க வேண்டுவதில்லை. திருநீற்றோடு மாத்திரையும் தொடரட்டும். மாத்திரைகளைப் பெரியவர் ஒருவர் வைத்திருந்து கொடுக்கட்டும். பூச்சிமருந்தை வீட்டில் வைக்கவே கூடாது. மீண்டும் உறக்கம் குறைந்தாலும், சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அதனை விளையாட்டென்று தள்ளாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பள்ளியில் செய்யவேண்டுவனவற்றை அப்பிள்ளையே எங்களுக்குக் கற்பித்தான். நாங்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்டு, "உனக்கு எப்படி வேண்டும்?" என்று வினவினோம். முன்னர்க் கேட்டிருக்க வேண்டிய வினா அது. பழைய இடத்தில், பழைய நண்பனின் அருகில் அமர வேண்டும் என்றான். முதல் இரு வாரம் பிற்பகல் மட்டும் வந்தான். காலையில் மாத்திரையின் அயர்வு இருந்தது. விடுபட்ட பாடங்களை நண்பர்கள் எழுதிக் கொடுத்தனர். மனம் கலங்கினால் அனுமதி கேளாமலே எழுந்து சென்று ஓர் ஆசிரியையிடம் அமரலாம் என்று ஏற்பாடு செய்தோம். வருகைக் குறைவுக்கு மருத்துவச் சான்று துணை நின்றது. மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். அவனுடைய தாய் மாதந்தோறும் ஒருநாள் கூலியை இழந்து அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். சில மாதங்களில் அக்கூலியை இழக்க இயலாமல், மாத்திரை தடைப்பட்டது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு; மாத்திரைக்குக் கட்டணம் இல்லை. துணைக்கு ஓர் ஆள்தான் வேண்டும். ஊர்க்கு இரண்டு இளைஞர் முன்வந்தால், மாதம் ஒருநாள் அத்தகைய பிள்ளையோடு பேருந்தேறிச் சென்று வரலாம். நோட்டுப் புத்தகம் வழங்குவது போன்றே இதுவும் கல்விப் பணியாகும்.

அவன் ஓராண்டு பிந்திப் பத்தாம் வகுப்பில் தேறினான். இன்று தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்கிறான். இன்னும் மாத்திரை உட்கொள்கிறான். சென்ற மாதம் வந்தவன், "ஐயா, அங்கே நான் நடுவரிசை" என்று சிரித்தான். அந்த நடுவரிசை இடத்தைத்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாம் உறுதி செய்தல் வேண்டும்.

சங்கம் வளர்க!