பிள்ளையை யாரிடம் விடுவது?
(ஜூரோங் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1961இல் தொழிற்பேட்டை வேலை தொடங்குமுன் இந்த ஜூரோங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அக்காலத் தோட்டங்களில் பால் வெட்டப் போகும் தாய், விடியுமுன்னே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடுவாள். மரம் வெட்டத் தெம்பில்லாத கிழவிதான் பெரும்பாலும் ஆயா. அன்புக்குக் குறைவில்லை, கைகள்தான் போதவில்லை.

ஆகவே முதற் கேள்வி சம்பளமல்ல, எத்தனை பிள்ளைகள் என்பதே. சிங்கப்பூரில் இன்று உரிமம் பெற்ற நிலையங்களில், 2 முதல் 18 மாதம் வரையுள்ள குழந்தைகள் 5 பேருக்கு ஓர் ஊழியர் வேண்டும். வீட்டில் பார்ப்பவரிடமும் இந்தக் கணக்கையே கேளுங்கள்.

ஒருநாள் சொல்லாமல் நடுப்பகலில் போய்ப் பாருங்கள். எப்போது போனாலும் பிள்ளை தூங்குகிறதா? சமர்த்து என்று மகிழாதீர்கள். "ஆயாம்மா, என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குச் சீறுகிறவரிடம் மறுநாள் விட வேண்டாம், ஒருநாள் சம்பளம் போனாலும் சரி.