பல்கலைக்கழக வாழ்வும் நம் மாணவரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மேற்படிப்பிற்குச் செல்லும் மாணவ மாணவியர்க்குப் பரிசு வழங்கிய காலை நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகப் படிப்பிற்கு இடம் பெற்றிருக்கின்றனர். அவருள், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போரும் உளர். பெற்றோர்தம் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியில் நாமும் பங்கு கொள்கின்றோம். எனினும் வாழ்த்துரை கூறியதோடு நம் கடமை முடிந்துவிட்டதென எண்ணலாகாது. இடம் பெறுதல் வேறு. பெற்ற இடத்தில் நிலைத்து நின்று படிப்பை முடித்தல் வேறு. முன்னதைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகின்றோம். பின்னதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆதலின் அதனைக் குறித்தே இன்று சில சொல்ல விழைகின்றோம்.

நன்கு படிக்கும் பிள்ளை முதலாண்டிலேயே ஊர் திரும்பிவிடுதலை நாம் காணாமலில்லை. "படிப்பு ஏறவில்லை" என்று ஊரார் சொல்லுவர். உண்மையை ஆராய்ந்தால், ஒருவனுக்கு விடுதிக் கட்டணம் கட்ட வழி தெரிந்திராது. ஒருத்திக்கு உடல் நலிந்தபோது எங்குச் செல்வதென்று அறிந்திராள். வேறொருவன் மூத்த மாணவரின் கொடுமைக்கு அஞ்சி வாய் திறவாதிருந்திருப்பான். இவற்றிற்கெல்லாம் பரிகாரம் அவ்வளாகத்தினுள்ளேயே இருந்தது. அவ்வாயிலைத் தட்டலாமென்று எடுத்துச் சொல்வார்தாம் இலர். இதுவே நாம் இன்று சொல்லப் புகுந்த செய்தியின் சாரம்.

இவ்வசதிகள் எளிதில் வந்தவை அல்ல. சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டு, கல்கத்தா, பம்பாய்ச் சர்வகலாசாலைகளோடு, லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு நிறுவப்பெற்றது. அக்காலத்தில் அது பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் கழகமாகவே இருந்தது. மாணவன் எங்கு உண்கிறான், எங்கு உறங்குகிறான் என்பது அதன் கவலையாக இருந்ததில்லை. தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சென்னைக்கு வந்த பிள்ளைகள் தங்க இடமின்றித் தவித்தனர். சாதியின் பெயரால் உணவுச் சாலைகளில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் துயரம் இன்னும் பெரிது. அக்குறையைக் கண்டே டாக்டர் சி. நடேச முதலியார் 1916-இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியைத் தொடங்கினார். நம்முடையவை போன்ற சங்கங்கள் பல, பிடியரிசி திரட்டியும் நன்கொடை வாங்கியும் விடுதிகள் அமைத்ததும் அக்காரணம் பற்றியே. பின்னர் 1929-இல் சிதம்பரத்தில், மாணவர் உடனுறைந்து கற்கும் முறையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2013-இல் தமிழ்நாட்டு அரசு அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. மாணவனைப் பரீட்சை எண்ணாக மட்டும் பாராமல், உண்டு உறங்கி நோயுற்று வாழும் மனிதனாகப் பார்க்கும் நிலைக்குப் பல்கலைக்கழகம் வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

நிற்க. இவ்வசதிகள் இருந்தும் நம் பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்தாமைக்குக் காரணம் யாது? படித்த வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையும் தமையனும் வழி சொல்லுவர். எந்தக் குமாஸ்தாவிடம் எந்தத் தாள் கொடுக்க வேண்டும் என்பது அவனுக்கு முன்னரே தெரியும். முதற்றலைமுறையாகப் படிக்கச் செல்லும் பிள்ளைக்கோ, அலுவலகத்தின் சாளரத்தண்டை நிற்பதே அச்சம். அன்றியும், "கேட்டால் இழிவு" என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருக்கின்றது. மானமுள்ளவர் கை நீட்டார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கின்றோம். அது நல்ல பாடமே. ஆனால் அது பிறரிடம் இரத்தலைப் பற்றியது. பொதுப் பல்கலைக்கழகம் பொதுமக்கள் பணத்தால் நடப்பது. ஒரு சோப்புக் கட்டி வாங்கும் கூலியாளும் அரசிற்கு வரி செலுத்துகின்றார். அவர் மகள் அங்குப் பெறும் உதவித்தொகை, அவரும் சேர்ந்து நிரப்பிய களஞ்சியத்திலிருந்து வருவது. அதனைக் கேட்டுப் பெறுதல் இரத்தல் ஆகாது.

இனி, பல்கலைக்கழகத்துள் நுழையும் மாணவன் அறிந்துகொள்ள வேண்டிய ஐந்து வாயில்களை முறையே கூறுவோம்.

முதலாவது, உதவித்தொகை வழங்கும் அலுவலகம். குடும்பத்தில் முதற் பட்டதாரியாகப் போகும் மாணவர், ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்விக்கு இடம் பெறின், அவர்தம் கற்பிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் 2010-இல் தமிழ்நாட்டில் ஏற்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் மேற்படிப்புக் கற்கும் காலத்து மாதம் 1,000 ரூபாய் பெறும் திட்டம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்றது. ஆண்மக்களுக்கு அது போன்ற திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடுமாதலின், சேர்ந்த முதல் வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தை அணுகி அவ்வாண்டின் விதியைக் கேட்டறிக. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதற் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தின் வழியாகக் கோடை விடுமுறையிலேயே வாங்கி வைத்துக்கொள்க. கடைசி நாளன்று சான்றுக்காக அலைந்து தொகையை இழந்தபின் வருந்திப் பயனில்லை. மற்றொன்றும் நினைவிற் கொள்க: மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிலையங்கள் தம்பால் வைத்துக்கொள்ளலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. சரிபார்த்த பின் அவற்றைத் திரும்பப் பெறுக.

இரண்டாவது, நூல்நிலையம். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக அமர்ந்தார். தொடக்கத்தில், நூல் தேடி வருவோர் மிகக் குறைவாயிருக்கக் கண்டு, அத்தனிமை தாங்காது மீண்டும் ஆசிரியத் தொழிலுக்கே திரும்ப எண்ணினார். இங்கிலாந்து சென்று, அங்கு நூலகங்கள் மக்களுக்குத் தொண்டு செய்யும் முறையைக் கண்டபின் அவர் மனம் மாறியது. திரும்பி வந்து, நூல்கள் பூட்டிக் காப்பதற்கன்றிப் பயன்படுத்துவதற்கே உள்ளன என்னும் கொள்கையை நிலைநாட்டினார். 1931-இல் வெளிவந்த அவரது நூல், நூலகத் துறைக்கே அடிப்படையாயிற்று. அப்பெருமகனார் திறந்து வைத்த கதவினுள் நுழையாமல், பரீட்சைக்கு முந்தின வாரம் கடைத்தெருவில் விற்கும் வினாவிடைப் புத்தகத்தை மட்டும் நம்புதல் எவ்வளவு பரிதாபம்! இன்றோ கணினி வழியாகவும் நூலகம் விரிந்துள்ளது. மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த திட்டத்தால், அரசு உயர்கல்வி நிலையங்களின் மாணவர் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களைக் கட்டணமின்றிப் படிக்க வழி பிறந்தது. நூலகரிடம் சென்று, "எனக்கு இதனைப் பயன்படுத்தக் கற்றுக் கொடுங்கள்" என்று கேட்க மாணவன் கூசலாகாது.

மூன்றாவது, மருத்துவ நிலையம். வளாகத்து மருத்துவர் எங்கு, எந்நேரத்தில் இருப்பார் என்பதை நோய் வருமுன் அறிந்து வைத்துக்கொள்க. உடல் நோயைப் போன்றே மன நோயும் உண்டு. வீட்டைப் பிரிந்த ஏக்கம், ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் விளங்காத திகைப்பு, ஒரு தாளில் தவறிய அவமானம் ஆகியவை இளம் உள்ளத்தை உயிருக்கே ஆபத்தான இருளில் தள்ளிவிடுதல் உண்டு. பெற்றோரே, "தேறாவிட்டால் வீட்டுப் பக்கம் வராதே" என்னும் சொல்லை எக்காலத்தும் வாயால் மொழியாதீர்! தேறினாலும் தவறினாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதைப் பிள்ளை ஐயமற அறிந்திருக்க வேண்டும். வளாகத்து உளநல ஆலோசகரை நாடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணை இரவிலும் அழைக்கலாம். இது பைத்தியம் பிடித்தவர்க்கென்று எண்ணுதல் அறியாமை.

நான்காவது, முறையீடு கேட்கும் குழுக்கள். 1996-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவனால் கொலையுண்ட செய்தி தமிழகத்தையே உலுக்கியது. அதன் விளைவாகத் தோன்றியதே ராகிங்கைத் தடை செய்யும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம். இச்சட்டத்தின்படி அக்குற்றத்திற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. 1800-180-5522 என்னும் எண்ணில் எந்நேரமும் முறையிடலாம். மாணவியர் பாலியல் தொல்லைக்கு ஆளாகாமற் காக்க, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளக முறையீட்டுக் குழு ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் அமைதல் வேண்டும். தாய்மார்களே! மகள் அங்கு நேர்ந்த இடரொன்றை உங்களிடம் சொன்னால், "படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வந்துவிடு" என்று அழைத்துக்கொள்ளாதீர்கள். அஞ்சியே பெண்கள் பலர் வாய் மூடியிருக்கின்றனர்; தீங்கு செய்தவன் வகுப்பிலிருக்க, தீங்குற்றவள் வீட்டிலிருத்தல் என்ன நீதி? அவளுடன் சென்று முறையீட்டை எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்குச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, மாணவர் விடுதி. இதனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இதில் நம் சங்கத்தாரே மனம் திருந்த வேண்டிய செய்தியொன்று இருக்கின்றது.

பிள்ளையை விடுதியில் சேர்க்கும்போது, "நம்மவர் பிள்ளையோடு அறை கிடைக்குமா?" என்று விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்பர்களே, சற்றுப் பழைய வரலாற்றை நினைமின். சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது என்பதற்காக, 1924, 1925-ஆம் ஆண்டுகளில் மாகாணமெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. ஒரு பந்தியில் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் உரிமைக்காக நம் முன்னோர் வாதாடினர். அவ்வுரிமை கைவந்தபின், நாமே வேலி கட்டிக்கொண்டு ஒதுங்குதல் முறையாகுமா? நம் பிள்ளையைப் பிறர் ஒதுக்கினால் நெஞ்சு கொதிக்கின்றோம். நம் பிள்ளை பிறரை ஒதுக்கக் கற்றுக்கொடுக்கும்போது அக்கொதிப்பு எங்கே போயிற்று?

சங்க விடுதிகள் செய்த உபகாரத்தை நாம் மறந்தோமல்லோம். வேறு கதவுகள் அடைபட்டிருந்த காலத்து அவை திறந்திருந்தன. எனினும் அவை ஒரு காலத்துத் தேவைக்காக ஏற்பட்டவை. பல்கலைக்கழக விடுதியோ, பல மாவட்டத்தாரும் பல சமயத்தாரும் பல சாதியாரும் ஒரு கூரையின் கீழ் வாழும் இடம். மீனவர் மகனும் நெசவாளர் மகனும் ஒரே குழாயடியில் நின்று துணி துவைத்து, ஒரே குழம்பைக் குறை கூறி, ஒருவர்க்குச் சுரம் வந்தால் மற்றவர் கஞ்சி வாங்கி வருதலால் விளையும் கல்வி, எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆதலின் எந்த அறை கிடைக்கின்றதோ அந்த அறையில் பிள்ளையை விட்டுவிட்டு, உடனுறையும் பிள்ளைக்கும் சேர்த்து முறுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இனி, சங்கம் செய்யத்தக்கது யாது? பரிசுப் பணமும் பொன்னாடையும் ஒரு நாள் மகிழ்ச்சி தரும். அவற்றோடு, மூன்று காரியங்களை இவ்வாண்டே மேற்கொள்ள வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கின்றோம். முதலாவது, பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த நம் இளைஞர் ஒவ்வொருவரும், புதிதாகச் செல்லும் இரு மாணவர்க்கு ஓராண்டு துணையாயிருத்தல்; மாதம் ஒருமுறை, "கட்டணம் கட்டியாயிற்றா? உடம்பு எப்படி? மனம் எப்படி?" என்று கேட்டாலே போதும். இரண்டாவது, மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, சான்றுகளுக்கும் உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பம் எழுதித் தருதல். அன்று வருவோர் எச்சாதியினராயினும் எழுதித் தருதல் வேண்டும். நம் தெருவிற்கு அடுத்த தெருப் பிள்ளையும் படிக்கச் செல்லும் பிள்ளைதானே? மூன்றாவது, படிப்பு நின்றுபோய் ஊர் திரும்பிய பிள்ளைகளின் வீட்டிற்குச் சென்று, பழி கூறாமல் காரணத்தைக் கேட்டறிதல். அவருள் சிலரேனும் மீண்டும் சேர வழியிருக்கும்.

மாணாக்கச் செல்வங்களே! அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது பழமொழி. நீங்கள் அழ வேண்டியதில்லை. அறிந்து கேட்டால் போதும். அலுவலகத்தில் ஒருவர் சீறி விழுந்தாலும் மனம் தளராது மறுநாள் மீண்டும் செல்லுங்கள். நீங்கள் ஒரு வாயிலைக் கண்டுபிடித்தால், அதனை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் பின்னால் வருகின்றவனுக்கும் காட்டுங்கள். அடுத்த ஆண்டு இவ்விழாவிற்கு நீங்கள் வரும்போது, எத்தனை மதிப்பெண் பெற்றீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டோம். எத்தனை பேர்க்கு வழி காட்டினீர்கள் என்றும் கேட்போம்.