பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலாளரும் செயற்கை நுண்ணறிவும்: மாநாட்டுத் தலைமை உரை

பூச்சிக் கட்டுப்பாடு என்ற ஒரே பெயருக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. பூச்சி இருக்கும் இடத்தைத் தேட வேண்டும், எத்தனை என்று எண்ண வேண்டும், எந்த இனம் என்று அடையாளம் காண வேண்டும், மருந்தையும் அளவையும் முடிவுசெய்ய வேண்டும், அதை உரிய இடத்தில் வைக்க வேண்டும், சில நாள் கழித்துத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு இவை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் நுழையவில்லை. எண்ணுவதிலும் அடையாளம் காண்பதிலும் அது முந்திக்கொண்டது. வயலில் மருந்து தெளிப்பதில் ட்ரோனோடு சேர்ந்து வந்திருக்கிறது. வீட்டுக்குள்ளும் கிடங்குக்குள்ளும் மருந்து வைக்கும் கைக்கு மாற்று இன்னும் வரவில்லை. யாருடைய வேலை போகும் என்ற கேள்வியை இந்தப் பாகுபாட்டோடுதான் அணுக வேண்டும்.

வயலில் மாற்றம் வெளிப்படையாகத் தெரிகிறது. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைக் கண்காணிக்க இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது பழைய முறை. ஒரு பொறியில் இரவுக்கு எட்டு அந்துப்பூச்சிகள் வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் மருந்தடிக்கும் கட்டம் வந்துவிட்டது என்று பொருள். விழுந்தவற்றைப் படமெடுத்தால் வாத்வானி ஏஐ உருவாக்கிய காட்டன்ஏஸ் செயலி எண்ணிச் சொல்லிவிடுகிறது. மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பும் படத்தைக் கொண்டு பூச்சியை அடையாளம் காட்டுகிறது. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் கண்டறியப்பட்டு, பின்னர் தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் பரவிய படைப்புழுவை எடுத்துக்கொள்ளலாம். தலையில் கவிழ்த்துப் போட்ட ‘ஒய்’ எழுத்துப் போன்ற கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள்: இவைதான் அதன் அடையாளம். நல்ல படம் கிடைத்தால் கணினி இவற்றைப் பிடித்துக்கொள்ளும். குருத்துக்குள் எச்சத்தால் மூடிக்கொண்டு கிடக்கும் புழுவை விரலால் பிரித்து வெளியே எடுத்துக் காட்ட மட்டும் ஆள் வேண்டும்.

தெளிப்பு வேலையில் இழப்பு உண்மையானது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150 முதல் 200 லிட்டர் வரை மருந்துக் கலவை செலவாகும். ட்ரோன் சுமார் 10 லிட்டரில், பத்து நிமிடத்துக்குள் ஓர் ஏக்கரை முடித்துவிடும். தெளிப்பான் சுமந்து கூலி வாங்குபவருக்கு இதோடு போட்டியிட வழியில்லை. ஆனாலும் இந்த வேலையை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று யாரும் வாதிட முடியாது. மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017இல் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல், ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கு நடுவே தெளித்தவர்கள் அவர்கள். அந்தச் சுமை முதுகிலிருந்து இறங்குவது நல்லதே. இறங்கிய பிறகு அந்த மனிதர் எங்கே போவார் என்பதற்குத்தான் ஏற்பாடு இல்லை. ட்ரோன் இயக்கச் சான்றிதழ் பெறப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்கின்றன 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள். தெளிப்புக் கூலிகளில் பலர் அந்தப் படியிலேயே நின்றுவிடுவார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் என்ற மத்திய அரசின் திட்டம் வரவேற்கத்தக்கது. மருந்து கலப்பது, பறக்கும் பாதையில் ஆளையும் ஆட்டையும் விலக்குவது, மின்கலம் மாற்றுவது போன்ற துணைவேலைகளைப் பழைய தெளிப்பாளர்களுக்கென்றே ஒதுக்கினால் அதன் பயன் இரட்டிக்கும்.

நகரத்தில் கொசு ஒழிப்பின் கதை வேறு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் தேங்கிய நீரைப் பார்த்தாக வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளில் டிபிசி என்று அழைக்கப்படும் பணியாளர்கள் செய்வது இதைத்தான். தரைத்தொட்டி, மாடித்தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டி, பழைய டயர் என்று பார்த்து, நீரைக் கவிழ்த்து, கவிழ்க்க முடியாததில் அபேட் மருந்து ஊற்றி வருகிறார்கள். கால்வாய்களின் மேல் ட்ரோனில் புழுக்கொல்லி தெளிப்பதைச் சென்னை மாநகராட்சி செய்து பார்த்திருக்கிறது. கொசுவின் இனத்தையும் எண்ணிக்கையையும் உணர்கருவி கொண்டு அறியும் திட்டத்தை ஆந்திர அரசு 2025இல் அறிவித்தது. இக்கருவிகள் எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்லும். பின்தட்டு நீரைக் கொட்ட வீட்டுக்குள் போக வேண்டும், கதவு திறக்க வேண்டும், தெரிந்த முகத்துக்குத்தான் கதவு திறக்கும். கருவி வந்துவிட்டது என்று சொல்லித் தற்காலிகப் பணியாளர்களைக் குறைக்கும் நகராட்சி, டெங்குக் காலத்தில் மருத்துவமனைக் கட்டிலாக அந்தச் செலவைத் திரும்பச் செய்யும்.

வீடு, உணவகம், தொழிற்சாலை ஆகியவற்றைக் கவனிக்கும் தனியார் நிறுவனங்களில்தான் மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. எலிப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் சுற்று முன்பு பாதி நாளைத் தின்றது. இப்போது எலி விழுந்த பெட்டி தானே கைப்பேசிக்குத் தகவல் அனுப்பிவிடுகிறது. மூவர் சுற்றிய வளாகத்துக்கு ஒருவர் போதும் என்று நிர்வாகம் கணக்குப் போடும். இந்தத் தொழிலில் புதிதாகச் சேரும் பையன் பெட்டி திறந்துதான் பழகுகிறான். எலி எந்தச் சுவரோரம் ஓடுகிறது, எண்ணெய்ப் பிசுக்கு எங்கே படிந்திருக்கிறது, புழுக்கை புதிதா பழையதா என்பதெல்லாம் அந்தச் சலிப்பான சுற்றில் கிடைக்கும் படிப்பு. சுற்றை எடுத்துவிட்டால் பத்து ஆண்டு கழித்து மூத்த ஆள் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சமாட்டார்.

மூத்த ஆளின் தேவை உணவகச் சமையலறையில் விளங்கும். ஜெர்மன் கரப்பானுக்குக் கதவுக் கீலிலும் குளிர்பெட்டியின் ரப்பர் பட்டைக்குள்ளும் துவரம்பருப்பு அளவில் நச்சு இரை ஜெல் வைப்பார்கள். சில வாரம் கழித்து வந்து பார்த்தால் ஜெல் வைத்தபடியே இருக்கிறது, கரப்பானும் குறையவில்லை. அனுபவசாலி உடனே ஜெல்லை மாற்றுவார். குளுக்கோஸ் கலந்த இரையை வெறுக்கும் கரப்பான் வகைகள் உண்டு என்பது 1990களிலேயே அறியப்பட்டது. அவற்றின் நாவில் இனிப்பு கசப்பாகப் படுகிறது என்று 2013இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒட்டுப்பலகையில் விழுந்த கரப்பானைக் கேமரா எண்ணும். ரப்பர் பட்டைக்குள் தொடப்படாமல் காய்ந்து கிடக்கும் ஜெல் அதன் பார்வைக்குள் வருவதில்லை.

கரையான் வேலையிலும் இதே நிலைதான். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து செலுத்தும்போது, தரைக்கடியில் மின்கம்பி ஓடுகிறதா, குழாய் போகிறதா என்று கை நிதானித்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

தானியக் கிடங்கு கூடுதல் எச்சரிக்கை கேட்கும் இடம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப்பொறி, மூட்டைக்குள் வண்டு பெருகுமுன்பே காட்டிக்கொடுக்கும். இத்தகைய பொறியில் உணர்கருவி பொருத்தி எண்ணிக்கையை இருந்த இடத்திலேயே பெற முடியும். அதனால் தேவையில்லாத புகையூட்டல் குறையும். புகையூட்டும் பாஸ்பீன் வாயுவைத் தாங்கும் வண்டுகள் பெருகிவரும் நிலையில் இது பெரிய லாபம். ஆனால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை அடுக்கில் வைத்து உறையிடுவதும், பிறகு உறை பிரித்துக் காற்றோட்டம் விடுவதும் கூலியாளின் வேலையாகவே நீடிக்கின்றன.

1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் விதிகள், வணிகப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு உரிமம் பெறுபவரிடம் பட்டப்படிப்பும் பயிற்சியும் கேட்கின்றன. உரிமதாரர் அலுவலகத்தில் இருக்கிறார், நஞ்சைத் தொடுபவர் களத்தில் இருக்கிறார். செயலி வந்தபின் இந்த இடைவெளி அதிகமாகும், ஏனெனில் முடிவு திரையில் உருவாகி, கட்டளையாக மட்டும் களத்துக்கு வரும். இம்மாநாட்டின் அமர்வுகள் இரண்டு பொருள்களை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. ஒன்று, களப்பணியாளருக்கு அரசு சான்றளிக்கும் பயிற்சி. அதில் பெட்டி திறக்கும் சுற்று பாடமாக இருக்க வேண்டும், செயலியின் பரிந்துரையைக் காரணம் எழுதி மறுக்கும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். மற்றொன்று, பொறுப்பு. கிடங்கின் காற்றில் பாஸ்பீன் 0.3 பிபிஎம்முக்குக் கீழே இறங்கியதாகக் கருவி காட்டியதை நம்பி ஆள் உள்ளே போய், அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், கருவியையோ மென்பொருளையோ காரணம் காட்டி உரிமதாரர் விலக முடியாது என்று விதிகளில் எழுதப்பட வேண்டும்.