ஒரு முறித் தேங்காய்

மாலை ஆறரை மணிக்குத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முக்கால்வாசிப் பேர் முகத்தில் "ராத்திரிக்கு என்ன?" என்ற கவலைதான். வழியில் ஒரு பரோட்டாப் பொட்டலம் வாங்கினால் அன்றைய கவலை தீர்ந்தது. நானும் வாங்கியிருக்கிறேன். ஒரு மாதக் கடைசியில் கணக்கு எழுதிப் பார்த்தேன். அரிசி, பருப்புக்குக் கொடுத்ததைவிடப் பொட்டலங்களுக்குக் கொடுத்தது அதிகம்.

இந்த ஊரில் அரிசியும் பருப்பும் யார் கணக்கையும் அதிகம் கவிழ்ப்பதில்லை. 1980-ல் இ. சந்திரசேகரன் நாயர் கேரள உணவு அமைச்சராக இருந்தபோது அரசின் மாவேலி ஸ்டோர் வந்தது. சிறுபயறு, வன்பயறு, கடலை, உளுந்து, துவரம்பருப்பு, மிளகாய், மல்லி, அரிசி என்று 13 பொருட்களுக்குச் சலுகை விலை வைத்திருக்கிறார்கள். மாதம் பிறந்த முதல் வாரத்தில் ரேஷன் கார்டோடு போய் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கவிழ்ப்பது தேங்காய்தான். துவரனா, அவியலா, எரிசேரியா, தீயலா, எதற்கும் அது வேண்டும். 2025-ல் தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது நம் எல்லார் அடுக்களையும் ஆடிப்போனது. அதனால் நான் கறிகளை எண்ணாமல் தேங்காயை எண்ணித் திட்டம் போடுகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரே தேங்காய். அதாவது இரண்டு முறி. (தமிழ்நாட்டில் மூடி என்பார்கள், இங்கே சாலைக் கடைத்தெருவில் முறி என்றால்தான் சட்டென்று எடுத்துத் தருவார்கள்.)

திங்களன்று முதல் முறியைத் துருவி, கோஸோ பயற்றங்காயோ துவரன். துருவலில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை கஞ்சியும் பயறும். அதற்கு அந்தப் பிடியோடு பொரிகடலையும் வற்றல் மிளகாயும் துளி புளியும் வைத்து அரைத்தால் நாலு பேருக்குத் துவையல் ஆகிவிடும்.

கஞ்சியும் பயறும் என்றதும் காய்ச்சல்காரர் சாப்பாடு என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற சத்து பயற்றில் தாராளமாக இருக்கிறது. பயற்றில் குறைவதை அரிசி ஈடு செய்கிறது. கூடவே சுட்ட அப்பளம் ஒன்று இருந்தால் இந்த ஊரில் அதைவிட நல்ல ராத்திரிச் சாப்பாடு கிடையாது.

சம்பா அரிசி வேக நேரமாகும், கேஸ் தீரும் என்பது நியாயமான புகார். இதற்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் வீடு வீடாகப் பரப்பிய சூடாறாப்பெட்டி ஞாபகமிருக்கிறதா? அரிசியைப் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பானையை மூடிப் பெட்டிக்குள் வைத்தால் மிச்சத்தை அந்தச் சூடே வேகவைத்துவிடும். எங்கள் வீட்டுப் பெட்டி பரணில் பழைய பேப்பர் போட்டு வைக்கப் பயன்பட்டது. இறக்கித் துடைத்து மறுபடி உபயோகிக்கிறேன்.

புதன்கிழமை தேங்காய்க்கு விடுமுறை. அன்று மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைத் திருவிதாங்கூரில் பரப்பினார். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் ஏழைகளின் வயிற்றைக் காத்தது இதுதான். நம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் கிழங்குகளுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ஒரு ரகத்துக்கு 'ஸ்ரீ விசாகம்' என்று பெயர். வேகவைத்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். கிழங்கில் உள்ள நச்சுச்சத்து அதோடு போகும். தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் உப்பும் இடித்து, மேலே சொட்டு எண்ணெய். மரச்சீனி வெறும் மாவுச்சத்து என்பதால் அசைவக்காரர்கள் சாளை மீனும் மற்றவர்கள் வேகவைத்த வன்பயறும் சேர்த்துக்கொள்வது நல்லது.

வியாழக்கிழமை இரண்டாவது முறி. அதைச் சிவக்க வறுத்து அரைத்து உள்ளித்தீயல் வையுங்கள். தீயல் மறுநாள்தான் ருசி கூடும். வெள்ளிக்கிழமை தோசைக்கு அதுவே போதும், சட்னி அரைக்க வேண்டாம்.

இந்தத் திட்டம் எனக்குத் தவறுவது ஒரே இடத்தில்தான். வன்பயறை ஊறப்போட மறந்துவிடுவேன். ஊறாத பயறை எட்டு விசில் விட்டும் கல்லாகப் பார்த்த ராத்திரிகளில்தான் மறுபடி பரோட்டாப் பொட்டலம் வீட்டுக்குள் நுழைந்தது. ஆகவே நேயர்களே, வானொலியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகுமுன் ஒரு கிண்ணம் வன்பயறைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.