கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, பிரிந்து வாழும் பெற்றோரும் பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சிகளும். இது ஒரு சின்ன விஷயம்தானே, இதற்கு ஒரு கருத்தரங்கா என்று சிலர் நினைக்கலாம். நான் ஒரு தாளிலிருந்து தொடங்குகிறேன்.

பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டு வரும் அனுமதிப் பாரம் உங்களுக்கெல்லாம் தெரியும். சுற்றுலாவா, முகாமா, விளையாட்டுப் போட்டியா, ஆண்டிறுதி விருந்தா, எதற்கும் ஒரு பாரம். அதன் அடியில் "இபு பாப்பா" என்று போட்டு, ஒரு சாய்கோடு போட்டு, "பென்ஜாகா" என்று அச்சடித்திருப்பார்கள். தாய் தந்தை அல்லது பாதுகாவலர். கையெழுத்துக்கு இருப்பதோ ஒரே ஒரு கோடு. தாயும் தந்தையும் ஒரே வீட்டில் இருக்கும்போது அந்தக் கோட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. யார் கையில் பேனா இருக்கிறதோ அவர் போட்டுவிட்டுப் போவார். பிரிந்துவிட்ட பிறகு அந்த ஒரு கோட்டில் யார் பெயர் என்பதே ஒரு வழக்காகி விடுகிறது.

ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்வோம். படிவம் 5 படிக்கும் பெண். அம்மாவோடும் பாட்டியோடும் இங்கே அம்பாங் பெச்சாவில் இருக்கிறாள். அப்பா ரவாங்கில் தொழிற்சாலை வேலை. மாதத்தில் இரண்டு வார இறுதி பிள்ளை அவரிடம். எஸ்பிஎம் முடிந்து வகுப்பு மாணவர்கள் ஒரு விருந்து வைக்கிறார்கள். அது விழும் சனிக்கிழமை அப்பாவின் சனிக்கிழமை. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்பாவுக்கு விஷயம் வெள்ளிக்கிழமை இரவு தெரிகிறது. அதுவும் பிள்ளை வாயால்.

"என்னைக் கேக்காம எப்படி முடிவு பண்ணீங்க? ராத்திரியில டான்ஸ் ஆடப் போறாளா?" என்று இவர் கேட்பார். "ஆறு மாசமா ஒரு வெள்ளி குடுக்கல, இப்ப மட்டும் அதிகாரம் பண்ண வந்துட்டீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். போன் நடுவில் இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள்.

இந்தச் சண்டையில் விருந்து எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. பாக்கி நிற்கும் ஜீவனாம்சம் இருக்கிறது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" இருக்கிறது. அந்த விருந்துக்கு அம்மாவோடு வேறு யாராவது வருவாரோ என்ற, வாய்விட்டுச் சொல்லாத சந்தேகமும் இருக்கிறது. அண்ணன் போன வருடம் இதே விருந்துக்குப் போனபோது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். நம் வீடுகளில் பையனுக்குக் கேட்காமலேயே கிடைக்கும் அனுமதி, பெண்ணுக்கு மூன்று பேரைக் கேட்டும் கிடைப்பதில்லை. பெற்றோர் பிரிந்தால் அந்த மூன்று பேர் ஐந்து பேராகி விடுகிறார்கள்.

தந்தைமார்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். தந்தையின் பயம் எல்லாமே அதிகாரத்துக்காக என்று நான் சொல்ல வரவில்லை. முகாம், ஆறு, மலை என்று வரும்போது இந்த வட்டாரத்துக்காரர்களுக்குப் பயப்படக் காரணம் உண்டு. நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரே உடைந்த அணை. 1883ஆம் ஆண்டில் அந்த அணை உடைந்து பழைய கோலகுபுவை வெள்ளம் அடித்துக் கொண்டு போனது; ரேங்கிங் என்ற ஆங்கிலேய மாவட்ட அதிகாரியும் அதில் இறந்தார். அது பழங்கதை. 2009 அக்டோபரில் பேராக், கம்பார் அருகே கோல டிப்பாங்கில் பள்ளி முகாமுக்குப் போன இடத்தில் தொங்கு பாலம் அறுந்து மூன்று மாணவிகள் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில், இதே பத்தாங் காலியில் முகாம் தளத்தில் நிலச்சரிவு. 31 பேர் உயிரிழந்தார்கள். அங்கே விடுமுறைக்கு வந்து தங்கியிருந்தவர்களில் பள்ளி ஆசிரியர்களும் அவர்களின் குடும்பத்தாரும் இருந்தார்கள். இதையெல்லாம் பத்திரிகையில் படித்த ஒரு தகப்பன், "மலையில் முகாமா, வேண்டாம்" என்று சொன்னால் அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எங்கே தங்குகிறார்கள், எத்தனை ஆசிரியர்கள் போகிறார்கள், மழை வந்தால் என்ன ஏற்பாடு? இவற்றை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். "உங்க அம்மாவுக்குப் புத்தி இல்ல" என்று பிள்ளையிடம் சொல்வதால் எந்த முகாமும் பாதுகாப்பாகி விடாது.

சரி, சட்டம் யார் பக்கம்? எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். நான் வழக்கறிஞர் அல்ல; நிகழ்ச்சிக்காகப் படித்துத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

முஸ்லிம் அல்லாதாருக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. அதன் 88ஆவது பிரிவு, பிள்ளை யாரிடம் என்று தீர்மானிக்கும்போது பிள்ளையின் நலன்தான் முதன்மை என்கிறது. அதற்கு அடுத்துத்தான் பெற்றோரின் விருப்பம். சுயமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் பார்க்க வேண்டும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானமும் அங்கேதான் வருகிறது. அது மாற்ற முடியாத விதி அல்ல.

பலர் கவனிக்காதது 89ஆவது பிரிவு. நீதிமன்றம் வேறு நிபந்தனை போடாத வரையில், பராமரிப்பு உரிமை யாரிடம் கொடுக்கப்பட்டதோ அவரே பிள்ளையின் வளர்ப்பு, கல்வி பற்றிய எல்லாவற்றையும் முடிவு செய்யலாம். அப்படிப் பார்த்தால், அந்தக் கதையில் அம்மாவிடம் நீதிமன்ற ஆணை இருந்து, அதில் வேறு எதுவும் எழுதப்படவில்லை என்றால், கையெழுத்து அம்மாவுடையது. ஆனால் அதே ஆணையில் அப்பாவுக்குச் சனி, ஞாயிறு சந்திக்கும் உரிமை எழுதியிருந்தால், அந்தச் சனிக்கிழமையை அம்மா தன்னிச்சையாக எடுத்துக் கொள்ளவும் முடியாது. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. சண்டை வராமல் என்ன செய்யும்?

ஆணையே இல்லாதவர்கள்தான் நம்மவர்களில் அதிகம் என்பது என் எண்ணம். அவர் அங்கே, இவர் இங்கே என்று எட்டு, பத்து வருடம் ஓடிவிடும். யாரும் நீதிமன்றப் படி ஏறியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் பொருந்தும். அதில் 1999இல் செய்த திருத்தத்தின்படி பிள்ளை மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை. சம உரிமை என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. இரண்டு பேரும் சமம் என்றால், ஒருவர் சரி என்று இன்னொருவர் வேண்டாம் என்று சொன்னால் யார் சொல் நிற்கும்? மதமாற்றம் போன்ற பெரிய விஷயத்தில் நம் கூட்டரசு நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. இந்திரா காந்தி வழக்கில் 2018 ஜனவரி 29ஆம் தேதி வந்த தீர்ப்பு, பிள்ளைகளின் மதத்தை மாற்ற ஒரு பெற்றோரின் சம்மதம் போதாது, இருவரும் சம்மதிக்க வேண்டும் என்றது. அந்தத் தாய் 2009 முதல் நடத்திய போராட்டம் அது. விருந்துக்கும் சுற்றுலாவுக்கும் அந்த அளவுக்குப் போக முடியுமா? இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டத்தில் இப்படி ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் ஆணை கேட்க வழி இருக்கிறது. அங்கேயே அதைப் பெரிய விஷயங்களுக்குத்தான் வைத்துக் கொள்ள வேண்டும். இங்கிருந்து ஷா ஆலம் உயர்நீதிமன்றம் போய்வரும் செலவில் அந்தப் பிள்ளைக்கு நாலு விருந்து வைத்து விடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காசு கொடுக்காதவருக்குப் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்பதும், பிள்ளையைக் காட்டாதவருக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்பதும் சட்டத்தில் இல்லாத கணக்கு. பிள்ளை யாரிடம் இருந்தாலும் அதைப் பராமரிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு என்று 92ஆவது பிரிவு சொல்கிறது. பாக்கியை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவை நிறுத்தி வசூலிக்க முடியாது.

1973ஆம் ஆண்டில் இரண்டு நாட்டில் இரண்டு தீர்ப்புகள். சென்னையிலிருந்து மேல்முறையீடாகப் போன ரோசி ஜேக்கப் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்ற கருத்தைச் சொன்னது. இங்கிலாந்தில் நீதிபதி ரேங்காம், பிரிந்த பெற்றோரைச் சந்திப்பது பெற்றோரின் உரிமை என்பதைவிட பிள்ளையின் உரிமை என்றார். அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நாம் இன்னும் "என் வாரம், உன் வாரம்" என்றுதான் பேசிக் கொண்டிருக்கிறோம். பிள்ளையின் வாரம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

அந்தப் பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? முதல் தடவை சண்டையைப் பார்க்கும். இரண்டாவது தடவை பாரத்தை நீட்டுவதற்கு நல்ல நேரம் பார்த்துக் காத்திருக்கும். மூன்றாவது தடவை பாரம் புத்தகப்பையின் அடியிலேயே கசங்கிக் கிடக்கும். ஆசிரியர் கேட்டால், "எனக்குப் போக விருப்பமில்ல டீச்சர்" என்று சொல்லிவிடும். ஆசிரியர் நம்பி விடுவார். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவர் எத்தனை பேரின் முகத்தைப் படிப்பார்? வீட்டில் அம்மாவும் அப்பாவும், "பரவாயில்லை, நம்ம பிள்ளைக்கு இந்த ஆட்டம் பாட்டமெல்லாம் பிடிக்காது" என்று முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வருவார்கள். திங்கட்கிழமை வகுப்பில் எல்லாரும் விலங்குத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிள்ளை மட்டும் பென்சில் சீவிக் கொண்டிருக்கும்.

மலேசியா 1995இல் ஏற்றுக் கொண்ட ஐநா பிள்ளைகள் உரிமை ஒப்பந்தத்தில் 31ஆவது விதி, ஓய்வும் விளையாட்டும் கலை நிகழ்ச்சிகளில் பங்கெடுப்பதும் பிள்ளைகளின் உரிமை என்கிறது. நம் நாடு சில விதிகளுக்குத் தடை தெரிவித்தது; இந்த விதிக்கு அல்ல. டியூஷனுக்கு அனுப்ப இரண்டு வீடும் போட்டி போடுகிறோம். சுற்றுலா என்றதும் அது தண்டச் செலவாகி விடுகிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த தலைமுறை நாம். தோட்டத்தில் ஒரு திருவிழா என்றால் மொத்தப் பிள்ளைகளும் ஒன்றாகத் திரியும். இன்றைக்குத் தாமான் வீட்டில் கதவு சாத்திக் கிடக்கும் பிள்ளைக்குப் பள்ளிதான் அந்தத் திருவிழா.

செய்யக் கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். இருவரும் ஒத்துப் போய் மணவிலக்குக் கேட்பவர்கள், பிள்ளைகளுக்கான ஏற்பாட்டை எழுதித்தான் கொடுக்க வேண்டும். அதில் திருப்தி இருந்தால்தான் நீதிமன்றம் மணவிலக்கு தரும். எல்லாரும் ஜீவனாம்சத் தொகையையும் தீபாவளி விடுமுறையையும் எழுதுகிறார்கள். அதோடு இன்னும் நாலு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளி நிகழ்ச்சி இன்னொருவரின் வாரத்தில் விழுந்தால் பிள்ளை போகலாம், விட்டுக் கொடுத்த நாளுக்கு வேறு நாள். பாரம் கிடைத்த மூன்று நாளுக்குள் மற்றவருக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இரவு தங்கும் முகாமுக்கு மட்டும் இருவர் சம்மதம். பரிசளிப்பு விழாவுக்கு இருவரும் வரலாம், புதிய துணையை அழைத்து வருவது பற்றி முன்கூட்டியே பேச வேண்டும். ஒத்துப் போகாமல் ஒருவர் மட்டும் வழக்குப் போடுவதானால், பெரும்பாலும் முதலில் பதிவு இலாகாவின் திருமணத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே வழக்கறிஞர் பேச முடியாது. நீங்கள்தான் பேச வேண்டும். அங்கேயும் இதைக் கேளுங்கள். ஏற்கெனவே ஆணை வாங்கியவர்கள், நிலைமை உண்மையாகவே மாறியிருந்தால் 96ஆவது பிரிவின் கீழ் மாற்றக் கேட்கலாம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது.

தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். பிரிந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால், எந்த ஆணையும் தடுக்காத பட்சத்தில், கடிதத்தை இரண்டு பிரதியாக அனுப்புங்கள். தாள் செலவு பத்துக் காசு. விழா நாளில் அழைப்பிதழும் இரண்டு. மண்டபத்தில் அவர்கள் இருவரையும் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டிய அவசியமில்லை, அந்தக் கோடியில் ஒருவர், இந்தக் கோடியில் ஒருவர் இருந்தால் போதும். மேடையில் நிற்கும் பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்துக் கொள்ளும்.

இனி உங்கள் கேள்விகள். ஒலிவாங்கியை முதலில் பின் வரிசைக்குக் கொடுங்கள் தம்பி, தாய்மார்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.