தியாகத்திற்கு அலங்காரம் தேவையில்லை

1943 பிப்ரவரி 27. இன்றைய பிஸ்கோவ் பிரதேசத்திலுள்ள செர்னுஷ்கி கிராமம். பாசிஸ்டுகளின் இயந்திரத் துப்பாக்கி அரண்கள் செஞ்சேனையின் வழியை மறித்து நின்றன. மற்றவை அடக்கப்பட்ட பின்னரும் ஓர் அரண் சுட்டுக்கொண்டே இருந்தது. அதை அழிக்கச் சென்ற வீரர்கள் வீழ்ந்தனர். பின்னர் அலெக்சாந்தர் மத்ரோசவ் தவழ்ந்து சென்று கையெறி குண்டுகளை வீசினார். துப்பாக்கி ஓய்ந்தது. தோழர்கள் எழுந்ததும் மீண்டும் முழங்கியது. மத்ரோசவ் பாய்ந்து சென்று, தன் உடலால் அதன் துளையை மூடினார். படை முன்னேறியது. அவருக்கு வயது 19. அநாதை இல்லத்திலும் ஊஃபா நகரின் சிறார் தொழிற்கூடத்திலும் வளர்ந்தவர் அவர்.

இச்செயலை எப்படிச் சொல்வது? "குண்டடிபட்டு இறந்தார்" என்றால் அவருடைய முடிவு மறைந்துபோகிறது. "உயிரை மாய்த்துக்கொண்டார்" என்றால் நோக்கமே திரிந்துபோகிறது. அவர் சாவைத் தேடிச் செல்லவில்லை. முதலில் குண்டுகளைத்தான் வீசினார். வேறு வழி அற்றுப்போன கணத்தில், விளைவை அறிந்தே, தோழர்களுக்காக அம்முடிவை எடுத்தார். அறிந்து செய்தது, தானே தேர்ந்தது, பிறருக்காகச் செய்தது ஆகிய மூன்றையும் சொல்வதே துல்லியமான விவரிப்பு.

மிகைப்படுத்தலும் தீங்கே. 1943 செப்டம்பர் 8 அன்று வெளியான ஆணை, 254-வது காவல்படை ரெஜிமெண்டுக்கு மத்ரோசவின் பெயரைச் சூட்டியது. அதில் அவர் வீழ்ந்த நாள் பிப்ரவரி 23 என்று குறிக்கப்பட்டது. அது செஞ்சேனையின் 25-வது ஆண்டு நாள். படைப்பிரிவின் ஆவணங்களோ 27 என்கின்றன. நான்கு நாள் வேறுபாடுதான். ஆனால், முழுச் செயலையுமே கட்டுக்கதை என்று பின்னாளில் பேசியவர்களுக்கு அது வசதியாயிற்று. வீரத்திற்கு ஒளியூட்டச் சேர்த்த தேதி, வீரத்தின் மீதே ஐயத்தைப் படரவிட்டது.

இவ்வாறு செய்த முதல் வீரரும் மத்ரோசவ் அல்லர். 1941 ஆகஸ்ட் 24 அன்று நோவ்கொரோத் அருகே அரசியல் பயிற்றுநர் அலெக்சாந்தர் பங்கராத்தவ் இதே போல் உயிர் ஈந்தார். இதைக் கூறுவதால் மத்ரோசவின் பெருமை குறையாது. ஒரு தனிமனிதரின் அற்புதமாகச் சொல்லப்பட்டது, ஒரு படையின் உறுதியாக விரிகிறது.

தோழர்களே! தியாகிகளைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் அடைமொழிகளுக்கு முன்னால் விவரங்களைத் தேடுவோம். எந்த இடம், எந்த நாள், வழியை மறித்தது எது, அவர் வீழ்ந்ததால் முன்னேறியவர் யார் என்று கேட்போம். உண்மையைச் சொல்வதே தியாகிகளுக்குச் செலுத்தும் செவ்வணக்கம்.